மேமோகிராம் படங்களை இருபதில் ஒன்றாகச் சுருக்கலாமா?

வாசகியின் கடிதம் (அடையாளங்கள் நீக்கப்பட்டு, சுருக்கமாக)

தமிழ்நாட்டில் மாவட்டத் தலைநகர் ஒன்றில் கணவருடன் சேர்ந்து ஸ்கேன் மையம் நடத்துகிறார் இந்த வாசகி. ரேடியோகிராபர் படிப்பு முடித்தவர். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அறையைப் பல ஆண்டுகளாகத் தாமே கவனித்து வருகிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டிஜிட்டல் கருவியில் நாளொன்றுக்குச் சராசரியாக 12 பேருக்குப் படம் எடுக்கிறார்கள். கதிரியக்க மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் நேரில் வருகிறார். மற்ற நாட்களில் படங்கள் சென்னைக்கு அவருக்கு அனுப்பப்படுகின்றன. 4 டெராபைட் சர்வரில் 3 டெராபைட்டுக்கு மேல் மேமோகிராம்களே அடைத்துக்கொண்டுவிட்டன. படங்களைச் சேமித்துத் திறந்து காட்டும் பேக்ஸ் மென்பொருளைப் பராமரிக்கும் நிறுவனத்தார் வந்து பார்த்துவிட்டு, "இரண்டு வருடத்துக்கு முந்தைய படங்களையெல்லாம் 20 மடங்கு சுருக்கிவிடலாம், வெளிநாட்டிலேயே அனுமதி இருக்கிறது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது" என்று சொல்லி, அடுத்த மாதம் 15ஆம் தேதி வேலையைத் தொடங்க நாள் குறித்திருக்கிறார்கள். தங்கள் அலுவலகத் திரையில் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்ததாகவும், உண்மையிலேயே வித்தியாசம் தெரியவில்லை என்றும் வாசகி எழுதுகிறார்.

இருந்தும் மனம் ஒப்பவில்லை. காரணம், அண்மையில் நடந்த ஒன்று. இணையம் மெதுவாக இருந்த ஒரு மாலையில், 46 வயதுப் பெண் ஒருவரின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னதை அப்பெண்ணிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து மையத்துக்கு வந்த மருத்துவர், படம் படிக்கும் கணினியான வொர்க்ஸ்டேஷனில் அதே படத்தைத் திறந்தபோது, இடப்பக்க மார்பகத்தில் சில வேளை புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய சுண்ணாம்புத் துகள்களின் கூட்டம் ஒன்றைக் கண்டு, அவரைத் திரும்ப அழைக்கச் சொல்லியிருக்கிறார். 20 மடங்கு சுருக்கம் சரியா, நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டுதான் காலவரம்பு என்பதால் அதற்கு முந்தைய படங்களைச் சுருக்குவதில் சட்டச் சிக்கல் உண்டா, வாட்ஸ்அப்பில் அனுப்புவதை அடியோடு நிறுத்த வேண்டுமா, நோயாளிக்கு சாதாரண ஜேபெக் படமாகக் குறுந்தகட்டில் கொடுத்தால் போதுமா என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தயக்கம் சரியானது. படங்களைச் சுருக்குவதில் தவறே இல்லை. நீங்கள் நாளையே சுருக்கலாம், சுருக்கவும் வேண்டும். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் வகைச் சுருக்கம் வேண்டாம். உங்கள் சர்வரில் நீங்கள் மீட்க நினைக்கும் இடத்தில் மிகப் பெரும்பகுதியை, ஒரு படப்புள்ளியைக்கூட மாற்றாமலேயே மீட்டுவிட முடியும். இதை வெறும் ஆறுதலாகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

அதற்கு முன் ஒரு சொல் விளக்கம். மேமோகிராம் அறையில் "கம்ப்ரெஷன்" என்றால் தட்டை இறக்கி மார்பகத்தை அழுத்துவதுதான். சர்வர் அறையில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கேயும் அது இரண்டு வகை. ஒன்று இழப்பில்லாச் சுருக்கம்: கோப்பு சிறிதாகும், விரிக்கும்போது ஒவ்வொரு படப்புள்ளியும் பழைய எண்ணோடு அப்படியே திரும்பி வரும். மற்றது இழப்புச் சுருக்கம்: கண் கவனிக்காது என்று மென்பொருள் கருதும் நுணுக்கங்களைத் தூக்கியெறிந்துவிட்டு, மீதியை மட்டும் எழுதி வைக்கும். எறிந்தது போனதுதான். கறந்த பால் மடி ஏறாது என்பதுபோல, பின்னால் எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் அது திரும்பாது. 20 மடங்கு என்று யாராவது சொன்னால், மேமோகிராமைப் பொறுத்தவரை அது இரண்டாவது வகையாகத்தான் இருக்க முடியும். இழப்பில்லாச் சுருக்கத்தில் பொதுவாக 2 முதல் 4 மடங்கு வரைதான் கிடைக்கும்.

உங்கள் 3 டெராபைட் எங்கிருந்து வந்தது?

உங்கள் கருவி 70 மைக்ரான் வகை (ஒரு படப்புள்ளியின் பக்கம் 0.07 மில்லிமீட்டர்) என்று கடித இணைப்பில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பெரிய தட்டில் எடுக்கும் படம் 3328 × 4096 படப்புள்ளிகள் கொண்டது. ஒரு புள்ளிக்கு 2 பைட் வீதம் ஒரு படம் 27 எம்பி ஆகிறது. இரு பக்கமும் இரண்டிரண்டு கோணம், ஆக நான்கு படம்: 109 எம்பி. நாளுக்கு 12 பேர், ஆண்டுக்கு 300 நாள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 392 ஜிபி. நான்கு ஆண்டுக்கு 1.57 டெராபைட். நீங்கள் சொல்வதோ அதைப்போல் இரு மடங்கு. அந்த மற்றொரு பாதி எது என்று யாரும் உங்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

என் ஊகம் இது. மேமோகிராம் கருவி ஒவ்வொரு படத்தையும் இரண்டு வடிவில் வெளியிடக்கூடியது. ஒன்று உணரியிலிருந்து வந்த மூல வடிவம். இன்னொன்று மருத்துவர் பார்ப்பதற்காகக் கருவியே பதப்படுத்திய காட்சி வடிவம். இரண்டுக்கும் ஒரே அளவு. நிறுவும்போது இரண்டையும் அனுப்பும்படி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இப்படி விட்டுவிட்டுப் போவது நான் அடிக்கடி பார்ப்பதுதான். மூல வடிவம் யாருக்கு வேண்டும்? கணினி உதவிக் கண்டறிதல் மென்பொருள் சிலவற்றுக்கு வேண்டும். பிற்காலத்தில் வேறு முறையில் மறுபடி பதப்படுத்த விரும்பினால் வேண்டும். உங்கள் மருத்துவர் அறிக்கை எழுதுவது காட்சி வடிவத்தைப் பார்த்து. எனவே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, எழுத்திலும் வாங்கிக்கொண்டு, மூல வடிவங்களை ஒரு வெளி வட்டுக்கு மாற்றிவிட்டால், சர்வரில் 3.14 டெராபைட் 1.57 ஆகிவிடும். அதை இழப்பில்லா முறையில் மூன்றில் ஒன்றாகச் சுருக்கினால் அரை டெராபைட்டுக்குச் சற்றே மேல்.

இனி அந்த 20 மடங்கை வைத்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தையவற்றை மட்டுமல்ல, எல்லாப் படங்களையுமே சுருக்குவதாக வைத்து 3.14 டெராபைட்டை 20ஆல் வகுத்தாலும் சுமார் 0.16 டெராபைட். ஆக, நான் சொல்லும் வழிக்கும் அவர்கள் சொல்லும் வழிக்கும் இடையே வித்தியாசம் 360 ஜிபி சொச்சம். நான்கு ஆண்டுகளில் உங்களிடம் வந்த பதினாலாயிரம் பேரின் படங்களில் திரும்பப் பெற முடியாத ஒரு மாற்றத்தைச் செய்வது இந்த 360 ஜிபிக்காகத்தான். உங்கள் மகனோ மகளோ பயன்படுத்தும் மடிக்கணினியில்கூட அதைவிடப் பெரிய வட்டு இருக்கும்.

"வெளிநாட்டில் அனுமதி இருக்கிறது" என்பது பற்றி

அது முழுப் பொய் இல்லை, அதனால்தான் விளக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் ராயல் கதிரியக்கவியல் கல்லூரி 2008இல் வெளியிட்ட பரிந்துரையில் மேமோகிராமுக்கு 20 மடங்கு என்று ஓர் எண் இருந்தது. ஜெர்மானியர்கள் 2009இல் 15 மடங்கு என்றார்கள். கனடாவில் 15 முதல் 25 வரை என்றார்கள். நெஞ்சு எக்ஸ்ரேக்கு 10, சி.டி.க்கு 5 என்று கறாராக இருந்த இங்கிலாந்துப் பட்டியலில் மேமோகிராமுக்கு மட்டும் தாராளம் ஏன் என்று வியப்பாக இருக்கும். மேமோகிராம் படத்தில் பாதிக்கு மேல் வெறும் கருமையாக இருப்பதுண்டு. அந்தக் கருமை ஏறக்குறைய இடமே பிடிக்காமல் சுருங்கிவிடும். ஆகவே மொத்தக் கணக்கில் எண் பெரிதாகத் தெரியும்.

இதில்தான் சிக்கலும் இருக்கிறது. சிறிய மார்பகத்தின் படத்தில் முக்கால் பங்கு கருமையாக இருந்தால், 20 மடங்கு என்ற இலக்கைக் கருமையே பெருமளவு எட்டிக்கொடுத்துவிடும், திசுவின் மேல் கை அதிகம் படாது. பெரிய, அடர்த்தியான மார்பகம் படம் முழுவதையும் நிறைத்து நின்றால், அதே 20 மடங்கை எட்டத் திசுவின் நுணுக்கங்களைத்தான் வெட்ட வேண்டும். ஒரே அமைப்பு, ஒரே எண்; ஆனால் எந்தப் படத்தைப் படிப்பது கடினமோ அந்தப் படத்துக்கே சேதம் அதிகம். இளவயதுப் பெண்களின் மார்பகம் பெரும்பாலும் அடர்த்தியானது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1992ஆம் ஆண்டின் மேமோகிராஃபி தரச் சட்டத்தின் கீழ், உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தெளிவாக வரையறுத்திருக்கிறது: இறுதி அறிக்கைக்காகப் பார்க்கும் படமும், பாதுகாத்து வைக்கும் படமும், வேறு மையத்துக்கு மாற்றிக் கொடுக்கும் படமும் சுருக்காத படமாகவோ இழப்பில்லாமல் சுருக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். 5 ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். படம் எடுத்துக்கொண்ட பெண் அதே மையத்தில் மறுபடி மேமோகிராம் எடுத்துக்கொள்ளாவிட்டால் 10 ஆண்டுக்குக் குறையாமல். அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் "வெளிநாடு" என்று ஒருவர் சொல்லும்போது எந்த வெளிநாடு என்று கேட்பது நல்லது.

கண்ணுக்குத் தெரியவில்லையே?

உங்கள் அலுவலகத் திரை சாதாரண வகை என்றால் அதில் சுமார் 20 லட்சம் புள்ளிகள்தான் உண்டு. உங்கள் படத்திலோ 1 கோடியே 36 லட்சம். முழுப் படத்தைத் திரையில் பொருத்திக் காட்டும்போதே மென்பொருள் ஏறக்குறைய ஏழு புள்ளிகளை ஒன்றாகக் குறுக்கிவிடுகிறது. அப்படிக் குறுக்கிய இரண்டு படங்களைத்தான் நீங்கள் ஒப்பிட்டீர்கள். சுருக்கம் தின்றிருக்கக்கூடிய நுணுக்கத்தைத் திரை முன்பே தின்றுவிட்டது. மேமோகிராம் படிக்கும் மருத்துவருக்கு 5 மெகாபிக்சல் திரை வைப்பதும், அதிலும் அவர் பகுதி பகுதியாகப் பெரிதாக்கி நகர்த்திப் பார்ப்பதும் இதனால்தான்.

எதைத் தேடுகிறோம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருவியைச் சோதிக்கும் மாதிரிக் கட்டையான பழைய ஏசிஆர் (அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி) பேண்டம் உங்கள் மையத்தில் இருந்தால் அதிலுள்ள மிகச் சிறிய துகள்களின் விட்டம் 0.16 மில்லிமீட்டர். 70 மைக்ரான் படத்தில் அதன் அகலம் இரண்டு புள்ளி, மிஞ்சினால் மூன்று. வழக்கமான ஜேபெக் சுருக்கம் படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேகமாக மாறும் நுண் வேறுபாடுகளை முதலில் மழுங்கடிக்கிறது. அந்தக் கட்டத்தின் பக்கம் 0.56 மில்லிமீட்டர். துகள் அந்தக் கட்டத்துக்குள் முழுதாக அடங்கி ஒரு மூலையில் கிடக்கும். ஜேபெக் 2000இல் கட்டம் தெரியாது. அதற்குப் பதில் ஓரங்கள் மெழுகியதுபோல் வழவழப்பாகும்.

துகள் முற்றாக மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மிதமான சுருக்கத்தில் துகள் கூட்டம் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரியும். ஆனால் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது ஒன்று, அதன் வடிவத்தை எடைபோடுவது வேறொன்று. உருண்டையான புள்ளிகளா, முனை மழுங்காத ஒழுங்கற்ற சில்லுகளா, கோடாகிக் கிளைவிடுகின்றனவா என்பதை வைத்துத்தான் ஆறு மாதம் பொறுக்கலாமா, ஊசி போட்டுத் திசு எடுக்க வேண்டுமா என்று முடிவாகிறது. கூரான ஓரம் மழுங்கினால் சந்தேகத்துக்குரிய சில்லு சாதுவான புள்ளியாகத் தோற்றம் தரும். என் கவலை அங்கேதான்.

பழைய படம் பழசாவதில்லை

இரண்டு ஆண்டுக்கு முந்தைய படத்தை எவர் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம் இந்த யோசனையின் அடியில் இருக்கிறது. மேமோகிராமில் உண்மை நேர்மாறானது. இன்று வந்த படத்தைக் கதிரியக்க மருத்துவர்களான எங்களில் பலர் சென்ற ஆண்டுப் படத்தோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. மெதுவாக வளரும் மாற்றம் ஓராண்டில் தெரியாது என்பதால் இரண்டு மூன்று ஆண்டு முந்தையதையும் திறக்கிறோம்.

நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே சேமிப்பகத்தை மாற்றியபோது பழைய படங்களெல்லாம் இழப்பு முறையில் சுருக்கப்பட்டிருந்தன; எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஓர் அம்மையாரின் புதிய படத்தில் நுண்துகள்கள் தெரிந்தன. பழைய படத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. "புதிதாகத் தோன்றியவை" என்று எழுதி, திசுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அவர் வீட்டு அலமாரியிலிருந்து பழைய பிலிமை எடுத்துக்கொண்டு வந்தார். வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அதே துகள்கள் அதே இடத்தில் மூன்று ஆண்டாக அசையாமல் இருக்கின்றன. ஊசி தேவைப்படவில்லை, ஆனால் அவரும் அவர் வீட்டாரும் இரண்டு வாரம் பட்ட பாடு எனக்குத் தெரியும். இழப்புச் சுருக்கம் இருக்கும் நோயை மறைப்பது ஒரு பக்கம். இல்லாத மாற்றத்தை உண்டாக்கிக் காட்டுவது இன்னொரு பக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் வழக்கறிஞர் அல்லன். மருத்துவப் பதிவேடுகள் தொடர்பாக எங்களுக்குப் பழக்கமான அளவில் சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 69ஆம் பிரிவு கூறும் இரண்டு ஆண்டு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவது. படம் எடுத்த நாளிலிருந்து என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தவறவிடப்பட்ட புற்றுநோய் எப்போது தெரியவருகிறது என்பதைப் பொறுத்து அந்தக் காரணம் எப்போது எழுந்தது என்பதே வாதத்துக்குரியதாகலாம். தவிர, போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் அதே பிரிவில் இடம் உண்டு. 2002ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளில் வரும் மூன்று ஆண்டு என்பதும் உள்நோயாளிப் பதிவேடுகளைப் பற்றியது. அதை வைத்து மேமோகிராமை மூன்று ஆண்டில் கைகழுவலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டைத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்கும்போது கொடுக்க வேண்டிய சான்றிதழில் அக்கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஓர் எண்) குறிப்பிட வேண்டும். அறிக்கை எழுதப்பட்ட படம் ஒன்று, இன்று உங்களிடம் இருப்பது இழப்புச் சுருக்கம் செய்த வேறொன்று என்றால், மருத்துவர் எதைப் பார்த்து எழுதினார் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. அவருக்குச் சாதகமான படமாகவே இருந்தாலும்தான்.

வாட்ஸ்அப்பும் குறுந்தகடும்

வாட்ஸ்அப்பில் போன படத்துக்கு மூன்று அடி விழுந்திருக்கிறது. முதலாவது, கருவி 12 முதல் 14 பிட் ஆழத்தில், அதாவது 4,096 முதல் 16,384 சாம்பல் நிலைகளில் பதிவு செய்ததை ஜேபெக் படமாக மாற்றியபோது 256 நிலைகளாகக் குறுக்கிவிட்டீர்கள். மருத்துவர் வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் திருகிப் பார்க்க அதில் எதுவும் மிச்சமில்லை. இது எத்தனை மடங்கு சுருக்கம் என்ற கணக்கிலேயே வராத இழப்பு. என் அனுபவத்தில் இதுதான் பெரிய இழப்பு. இரண்டாவது, செயலி படத்தின் நீள அகலத்தைக் குறைத்து மறுபடி சுருக்கியது. மூன்றாவது, அதைக் கைப்பேசித் திரையில் பார்த்தார்கள். "ஆவணம்" என்று தேர்ந்து அனுப்பினால் இரண்டாவது அடி தப்பும். முதலாவதும் மூன்றாவதும் விழத்தான் செய்யும்.

எனவே "இன்னாருக்கு அவசரம், வொர்க்ஸ்டேஷனில் பாருங்கள்" என்று மருத்துவரை உஷார்ப்படுத்தப் பெயரில்லாத ஒரு படத்தை அனுப்புவதோடு வாட்ஸ்அப்பை நிறுத்திக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து முடிவு சொல்லக் கேட்பதும், அந்த முடிவை நோயாளியிடம் சொல்வதும் கூடாது. இணையம் மெதுவாக இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் பதிவேற்ற வேகம் நொடிக்கு 4 மெகாபிட் (8 பிட் ஒரு பைட்) என்றே வைத்தாலும், இன்று நீங்கள் இரு வடிவமும் சேர்த்து அனுப்பும் 218 எம்பிக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். காட்சி வடிவத்தை மட்டும் இழப்பில்லாமல் சுருக்கி அனுப்பினால் 36 எம்பிதான், ஒன்றே கால் நிமிடத்தில் போய்விடும். அந்த மாலையில் உங்களுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

குறுந்தகட்டில் 700 எம்பி இடம் இருக்கிறது; சுருக்காத நான்கு படமும் சேர்ந்து 109 எம்பி. ஜேபெக்கில் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. மருத்துவப் படங்களுக்கான பொது வடிவமான டைகாம் கோப்பாக, பார்க்கும் மென்பொருளோடு சேர்த்துக் கொடுங்கள். நோயாளி வீட்டில் பார்க்க ஒரு ஜேபெக் நகலும் வேண்டுமென்றால் தனி உறையில் வைத்து "மருத்துவ முடிவுக்கு உகந்ததன்று" என்று எழுதிவிடுங்கள். ஜிப் செய்து அனுப்பலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள்: தாராளமாக, ஜிப் இழப்பில்லாதது. ஏற்கெனவே சுருக்கிய டைகாம் கோப்பை ஜிப் செய்தால் இடம் மிச்சமாகாது, அவ்வளவே.

பராமரிப்பாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

"லாஸ்லெஸ்தானே?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். அதனால் எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு டைகாம் கோப்பின் தலைப்பகுதியிலும் எந்த வகைச் சுருக்கம் என்பதற்கு ஓர் அடையாள எண் உண்டு. 1.2.840.10008.1.2.4 என்று தொடங்கி, 70 என்று முடிந்தால் இழப்பில்லா ஜேபெக், 80 என்றால் இழப்பில்லா ஜேபெக்-எல்எஸ், 90 என்றால் இழப்பில்லா ஜேபெக் 2000. 50, 51, 81 என்று முடிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 91 என்பது ஜேபெக் 2000இன் மற்றொரு வடிவம். அதில் இழப்பும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதால் அதையும் ஏற்க வேண்டாம். ஜேபெக் என்ற ஒரே பெயர் இரு பக்கமும் இருப்பதுதான் இந்தத் துறையில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். என்னைக் கேட்டால் 70ஐத் தேர்வேன். ஜேபெக்-எல்எஸ் சற்று நன்றாகவே சுருக்கும், ஆனால் பழைய வொர்க்ஸ்டேஷன்களும் தகராறு செய்யாமல் திறப்பது 70ஐத்தான்.

அதே தலைப்பகுதியில் (0028,2110) என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 01 என்றிருந்தால் அந்தப் படம் எப்போதோ ஒருமுறை இழப்புச் சுருக்கத்துக்கு ஆளாகியிருக்கிறது. பிறகு இழப்பில்லா வடிவுக்கு மாற்றினாலும் அந்த 01ஐ 00 ஆக்கக் கூடாது என்பது டைகாம் விதி. உங்கள் சர்வரில் ஏற்கெனவே அப்படிப்பட்ட படங்கள் உண்டா என்று இப்போதே தேடச் சொல்லுங்கள். ஜெர்மனியின் ஓல்டன்பர்கில் உருவான டிசிஎம்டிகே என்ற இலவசக் கருவித்தொகுப்பு இதற்குப் போதும். தலைப்பகுதியைப் படித்துக் காட்டவும், இழப்பில்லா ஜேபெக்காக மாற்றவும் அதில் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன.

மாற்றத் தொடங்குமுன் முழுச் சர்வரையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த நகலிலிருந்து நாலைந்து பேரின் படங்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் வைக்க முடியாது. பிறகு ஐம்பது பேரின் படங்களைச் சுருக்கி, மறுபடி விரித்து, படப்புள்ளித் தரவின் ஹாஷை முன்னும் பின்னும் ஒப்பிடச் சொல்லுங்கள். முழுக் கோப்பின் ஹாஷை ஒப்பிட்டால் தலைப்பகுதி மாறியிருப்பதால் பொருந்தாது. அதைக் கண்டு பதற வேண்டாம். படப்புள்ளித் தரவு ஐம்பதிலும் பொருந்தினால்தான் மற்றவற்றைத் தொட வேண்டும். சுருக்கிய கோப்பைச் சென்னையில் உங்கள் மருத்துவரின் வொர்க்ஸ்டேஷன் திறக்கிறதா என்பதையும் அப்போதே சோதித்துவிடுங்கள். இனி வரும் படங்களைச் சர்வர் வாங்கும்போதே இந்த வடிவுக்கு மாற்றிக்கொள்ளும்படி அமைத்துவிட்டால், இந்தக் கேள்வி இன்னும் பல ஆண்டுக்கு எழாது. மார்பகத்தை அடுக்கடுக்காகப் படமாக்கும் டோமோசிந்தசிஸ் கருவி வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு படம் வீதம் ஒரு கோணத்துக்கே ஐம்பது அறுபது படங்கள் சேரும் என்பதால் அதற்கு வட்டுகளைக் கருவியோடு சேர்த்தே விலை பேச வேண்டும்.

அந்த 46 வயதுப் பெண்

திரும்ப அழைத்தீர்களா என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அழைக்காவிட்டால் இன்றே அழையுங்கள். துகள் கூட்டம் இருக்கும் இடத்துக்குப் பெரிதாக்கிய படம் இரு கோணத்தில் தேவைப்படலாம். அதன் முடிவு எதுவாக இருந்தாலும், முதலில் சொன்ன கருத்து கைப்பேசிப் படத்தைப் பார்த்துச் சொன்னது என்பதை மருத்துவர் கூடுதல் அறிக்கையில் தேதியோடு பதிவு செய்யட்டும், அப்பெண்ணிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இப்படிப்பட்ட துகள் கூட்டங்கள் பலவும் புற்றுநோயாக இருப்பதில்லை என்பதையும் அதே பேச்சில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போன அந்தச் செய்தியையும் படத்தையும் அழிக்கத் தோன்றும், அழிக்க வேண்டாம்.

அவருடைய சுருக்காத படங்களை, இரு வடிவத்தையும், முந்தைய ஆண்டுப் படங்கள் இருந்தால் அவற்றையும், தனியாக ஒரு வட்டில் இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு பராமரிப்பு நிறுவனத்துக்கு எழுத்தில், மின்னஞ்சலில், 15ஆம் தேதி வேலையை நிறுத்தி வைக்கும்படி அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் போதாது, ஏனென்றால் தொடங்க வேண்டிய நேரத்தை அவர்கள் முன்கூட்டியே சர்வரில் பதித்து வைத்திருக்கக்கூடும்.